மாடித் தோட்டத்தில் நாலு புகையிலைச் செடி வைக்கலாமா?

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மொட்டை மாடியில் தக்காளி, கத்தரி, மிளகாய் என்று முப்பது தொட்டி வைத்திருக்கிறாராம். வேடசந்தூர்ப் பக்கத்து நண்பர் ஒரு பொட்டலம் புகையிலை விதை கொடுத்திருக்கிறார். நாலைந்து செடி வளர்த்தால் இலையை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் காய்கறிச் செடிகளுக்குப் பூச்சிமருந்தாகத் தெளிக்கலாம், வெற்றிலை போடும் தாத்தாவுக்கும் கடைப் புகையிலைக்குப் பதிலாக மருந்து படாத இலை கொடுக்கலாம், எப்படி வளர்ப்பது என்பது கேள்வி. வளர்ப்பு முறையைத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது: நம் வீட்டு மண்ணில், நம் கையால் வளர்ந்தது என்றால் அதில் நஞ்சு இருக்காது. புகையிலை விஷயத்தில் அந்த நம்பிக்கை அப்படியே தலைகீழ். அதனால் வளர்ப்பையும் சொல்கிறேன், அந்த நம்பிக்கையையும் சேர்த்துப் பேசுகிறேன்.

நான் பிறந்தது வாய்ப்புகையிலை விளைவித்த வீடு. திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூரைச் சுற்றியுள்ள செம்மண் காடுகளில் கிணற்றுத் தண்ணீர் வைத்துப் பயிர் செய்வோம். வேடசந்தூரில் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பதே எங்கள் பக்கத்தில் இந்தப் பயிர் எவ்வளவு வேரூன்றியது என்பதற்கு அடையாளம். பிறகு வேளாண்மை படித்து, இருபத்தைந்து ஆண்டு காய்கறி விவசாயிகளோடு வேலை செய்தேன். ஆக, செடியை எனக்கு நன்றாகத் தெரியும். மருத்துவம் என் துறை இல்லை. தாத்தாவைப் பற்றிச் சொல்வதில் பொதுவாக எல்லோரும் ஒத்துக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் விதை. பொட்டலத்தைப் பிரிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஒரு கிராமில் 10,000-க்கும் மேற்பட்ட விதை இருக்கும். மூக்குப்பொடி மாதிரித்தான் தெரியும். இரண்டு விரலால் கிள்ளி எடுத்தால் அதுவே நூற்றுக்கணக்கில் வரும், உங்களுக்குத் தேவை நாலு. புதிதாக விதைப்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, விதையை மண்ணுக்குள் புதைப்பது. புகையிலை விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். அகலமான தட்டிலோ பழைய பிளாஸ்டிக் டப்பாவிலோ சலித்த மக்கிய எருவும் மணலும் கலந்து நிரப்பி, நனைத்து, மேலே விதையைத் தூவி விட்டுவிட வேண்டியதுதான். சீராகத் தூவக் கைக்கு வராது என்பதால் ஒரு பிடி காய்ந்த மணலோடு கலந்து தூவுவோம். தண்ணீரை ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பூவாளியால் பனி பெய்வதுபோலத் தெளிக்க வேண்டும், அல்லது தட்டைத் தண்ணீருள்ள தாம்பாளத்தில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏற விடலாம். எட்டு, பத்து நாளில் பாசி பிடித்ததுபோலப் பச்சையாகத் தெரியும். அதுதான் நாற்று. கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

எங்கள் பக்கம் ஆவணியில் நாற்று விட்டு, ஐப்பசி வாக்கில் நட்டு, தை, மாசியில் அறுப்போம். மதுரைக்கும் அதே கணக்கு ஒத்துவரும். நாற்று விட்ட முதல் மூன்று வாரம்தான் கண்டம். நாற்றழுகல் என்று ஒரு நோய் உண்டு. முந்தின நாள் மாலை பச்சைக் கம்பளம் விரித்ததுபோல நின்ற நாற்றங்கால், ஒரு ராத்திரி மழைக்குப் பிறகு காலையில் கொதிநீர் ஊற்றிய கீரை மாதிரிப் படுத்துக் கிடக்கும். என் பத்தாம் வகுப்பு வருடத்தில் எங்கள் வீட்டில் மூன்று பாத்தி அப்படிப் போனது. அப்பா ஒன்றும் பேசாமல் பாத்தியோரம் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. மண்ணில் இருக்கும் பித்தியம் என்ற பூஞ்சை வகை உயிரி செய்யும் வேலை அது. நெருக்கமும் தேங்கிய ஈரமும் அதற்குக் கொண்டாட்டம். அதனால்தான் விதைப்பதற்கு முன் பாத்தி மேல் செத்தை போட்டு எரிப்பார்கள், பாத்தியை மேடாக அமைப்பார்கள். மாடியில் நீங்கள் செய்ய வேண்டியது, அடர்த்தியைக் கலைப்பது. முளைத்த பத்தாம் நாளே ஈரக் குச்சியால் தொட்டுத் தொட்டுப் பெரும்பாலானவற்றை எடுத்துப் போட்டுவிடுங்கள். மனசு கேட்காதுதான்.

நாற்று ஒரு சாண் உயரமும் பென்சில் கனமும் வரும்போது, அதாவது ஆறு ஏழு வாரத்தில், நடலாம். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்து நாற்றைக் கொஞ்சம் காயப்போட்டால் தண்டு இறுகும். சாயங்காலம் நடுவதே நல்லது. வயலில் செடிக்குச் செடி இரண்டரை அடியாவது விடுவோம், ஏனென்றால் இலை ஒவ்வொன்றும் முறத்தளவு விரியும். தொட்டி என்றால் 20 லிட்டருக்குக் குறையாத பெயிண்ட் வாளி, அடியில் தாராளமாக ஓட்டை. புகையிலை வறட்சியைத் தாங்கும், நீர்த்தேக்கத்தைத் தாங்காது. வேர் ஒரு பகல் தண்ணீருக்குள் நின்றால் அடுத்த நாள் வெயிலில் துவண்டுவிடும், பிறகு எழுந்திருக்காது. மதுரையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்துவிடுங்கள். உரத்துக்கு எங்கள் ஊரில் ஆட்டுக்கிடை போடுவார்கள். தொட்டிக்கு நன்கு மக்கிய ஆட்டெரு இரண்டு கை, நட்ட ஒரு மாதத்தில் இன்னும் இரண்டு கை. அதற்கு மேல் தழைச்சத்து கொடுத்தால் இலை கறுகறுவென்று பச்சையாகவே நின்று முதிராமல் போகும்.

செடி இடுப்புக்கு மேல் வந்ததும் உச்சியில் மொட்டு கட்டும். அந்த மொட்டை நாங்கள் பார்த்தவுடன் கிள்ளிவிடுவோம். வாய்ப்புகையிலைக்கு எட்டுப் பத்து இலை நிறுத்திக்கொண்டு தலையை ஒடித்துவிடுவது வழக்கம். ஒடித்ததும் செடி சும்மா இருக்காது. ஒவ்வொரு இலைக்கக்கத்திலிருந்தும் ஒரு கொழுந்து புறப்படும். வாரம் ஒரு தடவை அதையும் ஒடிக்க வேண்டும். புகையிலைக் காட்டில் கூலியில் பெரும்பங்கு இந்தக் கொழுந்து ஒடிப்புக்கே போகும். இது ஏன் என்று படிக்கப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. நிக்கோட்டின் இலையில் உண்டாவதில்லை. வேரில் உண்டாகி, தண்ணீர் ஏறும் பாதையில் ஏறி இலையில் போய்ச் சேர்கிறது. 1940-களில் புகையிலை வேரின் மேல் தக்காளித் தண்டை ஒட்டிக் கட்டிப் பார்த்தார்கள். தக்காளி இலையில் நிக்கோட்டின் வந்தது. தக்காளி வேரின் மேல் புகையிலையை ஒட்டினால் இலையில் அது பெயருக்குத்தான் இருந்தது. தலையை ஒடித்தால் பூவுக்கும் விதைக்கும் போக வேண்டிய சத்து இலைக்குத் திரும்புகிறது, இலை தடிக்கிறது. செடியும் தனக்குக் காயம் பட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு வேரில் நிக்கோட்டினைக் கூட்டுகிறது. மேயும் விலங்கிடமிருந்தும் கடிக்கும் பூச்சியிடமிருந்தும் தப்பிக்க அது தனக்காக வைத்திருக்கும் நஞ்சு அது. நாம் ஒடித்து ஒடித்து அதைக் கூட்டிக்கொள்கிறோம். நீங்கள் ரசாயனமே தொடாமல், எருவிலும் மழைத் தண்ணீரிலும் வளர்த்தாலும் இந்த நஞ்சு குறையப்போவதில்லை. எரு நன்றாக இருந்தால் கூடத்தான் செய்யும்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். பனி ஈரத்தோடு இருக்கும் செடியை வெறுங்கையால் தொடாதீர்கள். எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, தை மாதத்தில் விடியற்காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன் கொழுந்து ஒடிக்க இறங்கினேன். சட்டையும் கையும் பனியில் நனைந்துவிட்டன. ஒன்பது மணிக்குத் தலை சுற்றி, பத்து மணிக்கு வாந்தி. பித்தம் என்று சொல்லி அம்மாச்சி எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். அது பித்தமே இல்லை. இலையில் இருக்கும் நிக்கோட்டின் ஈரத்தில் கரைந்து தோல் வழியாக உள்ளே போகும். உலகம் முழுக்கப் புகையிலைத் தோட்ட வேலையாட்களுக்கு வருகிற, பெயரிட்டுப் பதிவான நோய் இது. குமட்டல், வாந்தி, தலைவலி, கிறுகிறுப்பு, சிலருக்கு நெஞ்சுப் படபடப்பு. வெயில் ஏறி இலை காய்ந்த பிறகு, முழுக்கைச் சட்டையும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால், அல்லது மாடிக்கு வரும் நாயோ ஆடோ எதையாவது மென்று பார்க்கும் ரகம் என்றால், இந்தச் செடியே வேண்டாம். பச்சைச் செடியின் பிசுபிசுப்பும் காரமும் பெரும்பாலும் ஆட்டை ஒதுக்கி வைக்கும். ஆனால் காய்ந்த தட்டை, அதாவது செடியின் தண்டு, தீவனத்தோடு கலந்துவிட்டால் அதற்கு வித்தியாசம் தெரியாது.

அடுத்து, பூச்சிமருந்து விஷயம். புகையிலைக் கஷாயம் பழைய முறைதான், பொய்யில்லை. அரைக் கிலோ புகையிலைக் கழிவை நாலரை லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, சோப்புக் கரைத்து, ஆறேழு மடங்கு தண்ணீர் சேர்த்துத் தெளிப்பது என்று நான் படித்த பாடத்திலேயே இருந்தது. அசுவினி, இலைப்பேன் போன்ற மெல்லிய உடம்புள்ள சாறு உறிஞ்சும் பூச்சிகள் இதில் விழும். இதில் சந்தேகம் இல்லை. நிக்கோட்டின் பூச்சியின் நரம்பில் போய் உட்காரும் அதே இடத்தைக் குறிவைத்துத்தான் இன்று கடையில் விற்கும் இமிடாகுளோபிரிட் வகை மருந்துகளையும் செய்திருக்கிறார்கள். அந்த இடம் பூச்சிக்கு மட்டும் இருப்பதில்லை, நமக்கும் உண்டு. நிக்கோட்டின் சல்பேட் என்ற பெயரில் விற்ற மருந்தை இந்தியாவில் பயிருக்குப் பயன்படுத்தத் தடை போட்டுவிட்டார்கள். கடையில் வாங்கினால் தடை, வீட்டில் காய்ச்சினால் இயற்கை என்று நாம் பேசுவது எனக்கு எப்போதுமே விசித்திரமாக இருக்கும். கடை மருந்திலாவது எத்தனை சதவீதம் என்று டப்பாவில் எழுதியிருக்கும். உங்கள் வாளியில் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. வழக்கமான புகையிலை ரகங்களில் காய்ந்த இலையின் எடையில் 1 முதல் 3 சதவீதம் வரை நிக்கோட்டின் இருக்கும். ரகம், எரு, எந்த இலை, தலை ஒடித்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அது மூன்று மடங்கு கூடக் குறைய நிற்கிறது. இதை ஆய்வுக்கூடத்தில்தான் அளக்க முடியும். நாக்கிலும் மூக்கிலும் அளக்க முடியாது.

மனிதனுக்கு எவ்வளவு ஆபத்து என்பதில் மட்டும் ஒரு தகராறு உண்டு. பல காலமாகப் பாடநூல்கள் 60 மில்லிகிராமுக்குள்ளேயே ஒரு ஆளுக்கு உயிர்ச்சேதம் என்று எழுதிவந்தன. அந்த எண் மிகப் பழைய கணிப்பு, உண்மையான அளவு அதைப்போலப் பல மடங்கு இருக்கும் என்று 2014-இல் ஒரு மறுபரிசீலனை வந்தது. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், பத்துக் கிராம் காய்ந்த இலையில் 100 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கிறது, குழந்தையின் உடம்பு சின்னது என்ற கணக்கு மாறாது. ஊறப்போட்ட வாளி டீத்தண்ணீர் நிறத்தில் இருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தோட்டத்தைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. புகையிலை, தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் ஒரே குடும்பம். ஊமத்தையும் இந்தக் குடும்பத்து ஆள்தான். ஒரு வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எல்லோருக்கும் வருவது மாதிரி, ஒன்றின் நோய் மற்றதற்கும் ஒட்டும். அதில் முதல் பெயர் புகையிலைத் தேமல் நச்சுயிரி. வைரஸ் என்ற ஒன்று உலகில் இருப்பதையே மனிதன் இந்த நோயை வைத்துத்தான் தெரிந்துகொண்டான்: 1892-இல் இவனோவ்ஸ்கி, நோயுற்ற இலைச்சாற்றைப் பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்த பிறகும் அது நோய் பரப்புவதைக் கண்டார், 1898-இல் பெய்ஜெரிங்க் இது வேறு வகை என்று சொன்னார், 1935-இல் ஸ்டான்லி அதை உப்பு மாதிரிப் படிகமாகவே எடுத்துக் காட்டினார், அதற்காக 1946-இல் நோபல் பரிசும் பெற்றார். படிகமாக எடுக்க முடிகிற அளவுக்குக் கெட்டியான வைரஸ் என்பதுதான் நமக்குத் தேவையான செய்தி. காய்ந்த புகையிலையில் அது ஆண்டுக்கணக்கில் சாகாமல் இருக்கும். பரவுவதற்கு ஈயோ பூச்சியோ வேண்டாம், கை போதும். பீடி பிடித்துவிட்டு, புகையிலை கசக்கிவிட்டு, கை கழுவாமல் தக்காளிக் கிளையைக் கிள்ளினால் போதும். காய்கறி நாற்றுப் பண்ணைகளில் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களைச் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் உள்ளே விடக்கூடாது என்று நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். சில இடங்களில் கொழுப்பு நீக்கிய பாலில் கையை நனைத்துக்கொண்டு நாற்றுப் பறிப்பார்கள். பாலின் புரதம் வைரஸைக் கட்டிப்போடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். புகையிலையைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைத் தக்காளி மேல் தெளிக்கப் போகிறீர்கள். நோயுற்ற இலை ஒன்று அதில் இருந்திருந்தால் வைரஸ் கரைசலைத் தோட்டம் முழுக்கத் தெளித்த மாதிரிதான். தண்ணீரைத் தளபுளவென்று பத்து நிமிடத்துக்கு மேல் கொதிக்க விட்டால் வைரஸ் செத்துவிடும், ஆனால் அடுப்படியில் நிக்கோட்டின் ஆவியை யார் முகர்வது? என் அனுபவத்தில், தேமல் விழுந்த மாடித் தோட்டங்கள் சிலவற்றில் காரணம் தேடிப் போனபோது புகையிலைக் கஷாயத்தில் போய் முடிந்ததுண்டு. அது நிரூபணம் ஆகாது. தக்காளிக்குத் தேமல் வர வேறு வைரஸ்களும் உண்டு, நான் எதையும் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஆனாலும் தக்காளிக் குடும்பத்துக்குப் புகையிலைக் கஷாயம் தெளிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

புழுவுக்காவது ஆகுமா என்று கேட்பீர்கள். விவசாயிகள் புரொடீனியா என்று சொல்கிற வெட்டுப்புழுவுக்குப் புத்தகத்தில் புகையிலைப் புழு என்றே பெயர். புகையிலையைத் தின்று கொழுக்கும் புழு அது. புகையிலைத் தண்ணீருக்கா பயப்படும்? இலையின் அடியில் பழுப்பு நிறப் பஞ்சு ஒட்டியது மாதிரி முட்டைக் குவியல் இருக்கும். அந்த இலையை அப்படியே கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுவதைவிட நல்ல வைத்தியம் நாலு செடிக்குத் தேவையில்லை. எங்கள் நாற்றங்காலைச் சுற்றி ஆமணக்கு போட்டிருப்போம். தாய் அந்துப்பூச்சி ஆமணக்கு இலையைத்தான் முதலில் தேடும், அங்கேயே முட்டையைப் பொறுக்கிவிடலாம். வெள்ளை ஈ வந்து இலைச்சுருள் வந்த செடியை மட்டும் யோசிக்காமல் பிடுங்கி மூட்டை கட்டிவிடுங்கள், அதே ஈ அடுத்துப் போய் உட்காருவது உங்கள் தக்காளியில். நண்பரிடம் விதை வாங்கியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், காட்டு மண் வாங்கி வராதீர்கள். புகையிலைக் காளான் என்று எங்கள் ஊரில் சொல்வது காளானே இல்லை; இலையில்லாமல், பச்சையில்லாமல், புகையிலை வேரை உறிஞ்சி வாழ்ந்து மண்ணைப் பிளந்து வெளியே வரும் பூச்செடி. அதன் விதை தூசியைவிடச் சின்னது, பல ஆண்டு மண்ணில் காத்திருக்கும், தக்காளியையும் கத்தரியையும் பிடிக்கும்.

காய்கறிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். ஒரு லிட்டருக்கு 50 கிராம் பருப்பு இடித்து, துணியில் முடிந்து ராத்திரி ஊறவைத்து, காலையில் பிழிந்து, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து, மாலையில் தெளியுங்கள். கஷாயம் மாதிரி உடனே விழுந்து சாகாது என்பதால் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை. இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

இனி தாத்தா. செடி வளர்ப்பது புகையிலை விவசாயத்தில் பாதிகூட இல்லை. அறுத்த இலையைக் காயவைத்துப் பக்குவப்படுத்துவதை நாங்கள் பாடம் போடுவது என்போம், மீதி எல்லாம் அதில்தான். நட்டு நாலு மாதத்துக்குள் இலை தடித்து, மஞ்சள் தட்டி, மேலே சொரசொரவென்று புள்ளி விழும்; மடித்தால் அப்பளம் மாதிரி ஒடியும். அப்போது செடியை அடியோடு வெட்டி ஒரு ராத்திரி காட்டிலேயே வாடவிட்டு, மறுநாள் பந்தலில் தலைகீழாகத் தொங்கவிடுவோம். மெதுவாகக் காய வேண்டும். அவசரப்பட்டுத் தார்சுத் தரையில் வெயிலில் போட்டால் பச்சை நிறம் அப்படியே உறைந்து, வைக்கோல் வாசனையோடு கசப்பாக நிற்கும். இலையில் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாகிக் கரைந்து போவதற்கு இலைக்கு உயிர் கொஞ்ச நாள் மிச்சமிருக்க வேண்டும். மூன்று வாரம் போல் காய்ந்த பிறகு அடுக்கி அம்பாரம் போட்டு, சூடு ஏற ஏறப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே வைத்து, வெளியே இருந்ததை உள்ளே வைத்து மறுபடி அடுக்குவோம். வாரக்கணக்கில் நடக்கும். அம்பாரத்துக்குள் கையை விட்டுப் பார்த்தே அப்பா சூடு சொல்வார். சில பக்கம் கருப்பட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் தென்னை மட்டைப் புகையூட்டிப் பதமாக்குவார்கள், அந்தப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் நாட்டில் பெரிய கிராக்கி இருந்தது. ஆயிரக்கணக்கான இலை சேர்ந்தால்தான் அம்பாரத்தில் அந்தச் சூடு வரும். நாலு செடியில் வரும் முப்பது நாற்பது இலையை அடுக்கினால் சூடு ஏறாது, பூசணம்தான் ஏறும். இதை நான் சென்னையில் குடியிருந்தபோது மூன்று தொட்டியில் வளர்த்து, சாக்கில் கட்டி, சமையலறை மேல்தட்டில் வைத்து நேரில் அனுபவித்திருக்கிறேன். சாக்கோடு தூக்கிப் போட்டதில் என் மனைவிக்கு மகிழ்ச்சி.

ஒருவேளை உங்களுக்கு அருமையாகப் பாடம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மருந்து அடிக்காத இலை என்பதால் தாத்தாவுக்கு நல்லதா? இதற்குப் பதில் உறுதியானது: இல்லை. வாய்ப்புகையிலையில் புற்றுநோய் உண்டாக்குபவையாக முதலில் பேசப்படும் நைட்ரோசமீன்கள் பூச்சிமருந்திலிருந்து வருபவை அல்ல. இலையில் உள்ள நிக்கோட்டினும் அதன் உறவுப் பொருட்களும், காயும்போதும் அம்பாரத்தில் புழுங்கும்போதும் மாறி உண்டாகுபவை. அதாவது நல்ல பாடம் என்று நாம் மெச்சுகிற அதே வேலையில் அவையும் பிறக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு புகையில்லாப் புகையிலையை, மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பாக்கும் அதே பிரிவில்தான் இருக்கிறது. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதும் சும்மா இல்லை. சுண்ணாம்பின் காரம் நிக்கோட்டினை விடுவித்து, வாய்த்தோல் வழியே வேகமாக ஏற வைக்கிறது. நம் முன்னோர் வேதியியல் படிக்காமலே கண்டுபிடித்த விஷயம். கஷாயத்தில் சோப்புப் போடுவதிலும் இந்தக் காரத்தின் வேலை கொஞ்சம் உண்டு. தாத்தா விட நினைத்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தேசியப் புகையிலை நிறுத்த உதவி மையம் இருக்கிறது. விட நினைக்கவில்லை என்றால், அந்த வயதில் அவரிடம் நான் என்ன சொல்ல முடியும்? என் அப்பாவிடமே சொல்லி ஜெயித்ததில்லை. வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்க இறுக்கம் இருக்கிறதா என்று பல் மருத்துவரிடம் ஆண்டுக்கு ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். அதற்கு எப்போதாவது சம்மதிப்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் அடுத்து யாராவது கேட்பார்கள்: உரிமம் வேண்டுமா? 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி புகையிலை வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டியது வர்ஜீனியா ரகம், அதாவது சிகரெட் புகையிலை பயிரிடுபவர்கள். எங்கள் வாய்ப்புகையிலைக்கு அந்தப் பதிவு இல்லை. ஆனால் இலையை விற்க ஆரம்பித்தால் கதை வேறு. வரி, உணவுப் பாதுகாப்பு, விற்பனைக் கட்டுப்பாடு என்று எல்லாம் வரிசையில் நிற்கும். 1979 வரை விளைந்த இலைக்கே கலால் வரி உண்டு. அதிகாரி வருகிறார் என்றால் ஊரே விழித்துக்கொண்டிருக்கும் என்று என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு செடியாவது வளர்த்துப் பார்க்க ஆசை இருந்தால் நான் தடுக்கமாட்டேன். எனக்கும் அந்தச் செடியைப் பிடிக்கும். காய்கறித் தொட்டிகளிலிருந்து மாடியின் மறுகோடிக்குத் தள்ளி ஒரே ஒரு வாளியில் வையுங்கள். அன்றைய தோட்ட வேலையில் அதைக் கடைசியாகத் தொடுங்கள், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கீழே இறங்காதீர்கள். தலையை ஒடிக்காதீர்கள். எங்கள் காட்டில் பூக்கவே விடமாட்டோம் என்பதால் விதைக்கு விட்ட ஓரச்செடிகளில்தான் நான் அந்தப் பூவைப் பார்த்திருக்கிறேன்: நீளக் குழல், வாயில் இளஞ்சிவப்பு, கொத்துக் கொத்தாக. தன் மகரந்தத்திலேயே காய் பிடித்துவிடும். காய் பழுப்பானதும் வெடிப்பதற்குள் பறித்துக் காகிதத்தில் மடித்து வைத்தால், ஒரு காயிலேயே ஆயிரக்கணக்கில் விதை தேறும். சீசன் முடிந்ததும் தட்டையை மாட்டுக்கும் போடாதீர்கள், காய்கறி உரக்குழியிலும் போடாதீர்கள். அந்த வாளி மண்ணில் அடுத்த இரண்டு வருடம் வெண்டையோ கீரையோ போடுங்கள், தக்காளி போடாதீர்கள்.